பந்தி விசாரணை: வாசகர் கேள்வி பதில்

சபைக்குள் ஒருவருக்கொருவர் உதவுவதில் எங்கே சிக்கல் வருகிறது என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பணத்தைப் பற்றியவையே அதிகம். எட்டுக் கேள்விகளுக்கு இங்கே பதில்.

எங்கள் சபையில் 130 குடும்பங்கள். உதவி நிதிக்கு மாதம் 12,000 ரூபாய் சேர்கிறது. பாஸ்டர் வீட்டு வாசலில் வந்து அழுபவர்களுக்கே அது போய்விடுகிறது. வாய் திறந்து கேட்காதவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?
வாசகர், வியாசர்பாடி

எருசலேம் சபையிலேயே வந்த புகார் இது. பைபிளில் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில், கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், விட்டுப்போனார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. அதற்காக யாரும் அன்பைப் பற்றி ஒரு பிரசங்கம் வைக்கவில்லை. ஏழு பேரை நியமித்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தார் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் படிக்கத் தோன்றுகிறது. உங்கள் உதவிக் குழுவில் வாடகை வீட்டுக்காரர் ஒருவராவது, விதவை ஒருவராவது இருக்கிறாரா? இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

பிறகு வீடுகளைப் பிரியுங்கள். தெருவாரியாக 12 பிரிவு போட்டால் ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினொரு வீடு வரும். பிரிவுக்கு இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண். தனியாக யாரும் போக வேண்டாம். 1833ல் பாரிசில் ஒசானாம் என்ற மாணவரும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையினர் இருவர் இருவராகத்தான் வீடு சந்திக்கப் போவார்கள். கத்தோலிக்கப் பங்குகளில் இருப்பவர்களுக்கு இது தெரியும். ஒருவர் பேசும்போது மற்றவர் வீட்டைப் பார்க்கலாம், பின்னால் வீண்பேச்சு வந்தால் சாட்சியும் இருக்கும்.

மாதம் ஒரு முறை போங்கள். உதவி என்ற பேச்சையே எடுக்காதீர்கள். 'உங்களுக்கு ஏதாவது கஷ்டமா?' என்று கேட்டால் மானமுள்ளவர் 'கர்த்தர் நடத்துகிறார்' என்றுதான் சொல்வார். அடையாளங்கள் வேறு இடத்தில் இருக்கும். பிரஷர் மாத்திரையை அட்டையாக வாங்காமல் ஐந்து ஐந்தாகக் கத்தரித்து வாங்குவார்கள். பிள்ளையின் டியூஷன் நின்றிருக்கும். வழக்கமாக முன்வரிசையில் உட்காருபவர், காணிக்கைப் பாட்டு தொடங்கியதும் செருப்பு விடும் இடத்துக்கு வந்து நின்றுகொள்வார். இவற்றையெல்லாம் கவனிப்பதற்குத்தான் இரண்டு பேர்.

பணத்தில் 3,000 ரூபாயைத் திடீர் அவசரத்துக்கென்று தொடாமல் வையுங்கள். 1,000 ரூபாய் வரை அந்தப் பிரிவின் இருவரும் கையெழுத்துப் போட்டு அன்றே கொடுக்கலாம் என்று கமிட்டியில் ஒரு தீர்மானம் போட்டுவிடுங்கள். அதற்கு மேல் என்றால் மூன்று பேர் கொண்ட குழு மூன்று நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மாதக் கூட்டம் வரை காத்திருக்கச் சொல்லும் நிதி யாருடைய அவசரத்துக்கும் உதவாது. நோட்டில் பெயருக்குப் பதில் எண் இருக்கட்டும். எந்த எண் யார் என்பது ஆயருக்கும் இன்னொருவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். ஆண்டறிக்கையில் 'இத்தனை குடும்பங்கள், இத்தனை ரூபாய்' என்று முடித்துக்கொள்ளுங்கள். கவர் கொடுக்கும்போது போட்டோ எடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த வீட்டுப் பிள்ளை அதே வாட்ஸ்அப் குழுவில்தான் இருக்கிறான்.

ஒரு விஷயத்தைப் பல சபைகள் யோசிப்பதில்லை: அரிசி மூட்டை. குடும்ப அட்டை இருக்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அங்கே கிடைக்காதவை பால், காய், சோப்பு, சானிட்டரி நாப்கின், சிலிண்டருக்கான காசு, ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ காசு. ஆகவே பொருளாகக் கொடுப்பதைவிடப் பணமாகக் கொடுப்பது நல்லது. குடிக்குப் போய்விடும் என்று பயம் இருந்தால் வீட்டுப் பெண்ணின் கையில் கொடுங்கள். பள்ளிக் கட்டணத்தை மட்டும் நேராகப் பள்ளியில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளலாம்.

எதற்குக் கொடுப்பது, எதற்குக் கூடாது என்ற சண்டை நிச்சயம் வரும். கலாத்தியர் 6ல் 2ஆம் வசனம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது. 5ஆம் வசனம் அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது. தமிழில் இரண்டும் 'பாரம்'தான். கிரேக்கத்தில் வேறு வேறு சொற்கள்: முதலாவது ஆளை அமுக்கும் சுமை, இரண்டாவது அவரவர் தோளில் போகும் மூட்டை. ஆபரேஷன், வேலை போனது, வீட்டுத் தலைவர் இறந்தது எல்லாம் முதல் வகை. மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிப்பது இரண்டாவது வகை. சம்பாதிக்கும் பிள்ளைகள் உள்ள பெற்றோரை முதலில் பிள்ளைகளே பார்க்க வேண்டும் என்று 1 தீமோத்தேயு 5ம் சொல்கிறது. அந்தப் பிள்ளையிடம் போய்ப் பேசுவதும் உதவிக் குழுவின் வேலைதான். அதைச் செய்ய யாரும் முன்வருவதில்லை.

காணிக்கை எண்ணும் பெரியவர் மேல் சிலர் சந்தேகம் கிளப்புகிறார்கள். இருபது வருடமாக அவர்தான் எண்ணுகிறார். நல்ல மனிதர். அவர் மனம் நோகாமல் முறையை மாற்ற முடியுமா?
வாசகி, அம்பத்தூர்

நல்ல மனிதர் என்பதாலேயே மாற்ற வேண்டும். தனியாக எண்ணுபவருக்குத் தான் நேர்மையானவர் என்று நிரூபிக்க வழியே கிடையாது. எருசலேமுக்குத் தர்மப் பணம் கொண்டுபோகும்போது, தங்கள் மேல் யாரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக்கூடாது என்றே தீத்துவோடு இன்னும் இருவரைச் சேர்த்து அனுப்புவதாக பவுல் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 8). பவுலுக்கே தேவைப்பட்டது நமக்குத் தேவையில்லையா? பெரியவரிடம் இதையே சொல்லுங்கள். புது முறைக்கு அவரையே தலைவராக்குங்கள்.

முறை இதுதான். ஆராதனை முடிந்ததும் பைகள் பீடத்திலிருந்து நேராக ஆலயத்தை ஒட்டிய வெஸ்ட்ரி அறைக்குப் போக வேண்டும். நடுவில் யார் வீட்டுக்கும், யார் ஸ்கூட்டர் டிக்கிக்கும் போகக்கூடாது. எண்ணுபவர்கள் மூன்று பேர், ஒரே குடும்பத்தார் அல்ல, பொருளாளர் அவர்களில் ஒருவர் அல்ல. ஆறு பேரின் பட்டியல் போட்டு வாராவாரம் மாற்றுங்கள். மேஜை காலியாக இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும். முதலில் கவர்களைப் பிரித்து, மேலே எழுதிய தொகையும் உள்ளே இருப்பதும் ஒன்றா என்று பார்த்து, கவரின் மேலேயே டிக் போடுங்கள். பொருந்தாவிட்டால் உள்ளே இருந்த தொகையை எழுதி இருவர் சுருக்கொப்பம் இட வேண்டும். பிறகு பையில் விழுந்த தாள்களை 500, 200, 100, 50, 20, 10 என்று அடுக்கி, ஒருவர் எண்ணியதை இன்னொருவர் திரும்ப எண்ண வேண்டும். நாணயம் கடைசியில். தாள்வாரி எண்ணிக்கை, நாணயம், கூட்டுத்தொகை எல்லாவற்றையும் பேனாவால் எழுதி மூவரும் கையெழுத்திட வேண்டும். அடித்தல் இருந்தால் பக்கத்தில் சுருக்கொப்பம். ஒரு பிரதி பணத்தோடு பொருளாளருக்கு, ஒரு பிரதி செகரட்டரிக்கு. திங்கள்கிழமை வங்கியில் கட்டியதும் சலான் எண்ணை அந்தத் தாளிலேயே எழுதி ஒட்டுங்கள். கியூஆர் கோடு வழியாக வரும் பணம் சபையின் கணக்குக்குத்தான் போக வேண்டும். பாஸ்டரின் சொந்த எண்ணுக்கு வரும் கோடு மாட்டியிருந்தால் இந்த வாரமே கழற்றுங்கள்.

பெரும்பாலும் தப்பு நடப்பது திருட்டால் அல்ல, அவசரத்தால். 'பூக்காரருக்கு 300 கொடுக்கணும், இதிலிருந்தே எடுத்துக்கறேன்', 'ஸ்பீக்கர் ரிப்பேர்காரர் வாசல்ல நிக்கறார்'. எண்ணுமுன் எடுத்த 300 எந்தக் கணக்கிலும் ஏறாது. மூன்று மாதம் கழித்து அதுவே 3,000 என்று பேச்சாகும். சில்லறைச் செலவுக்கு 2,000 ரூபாய் தனியாகக் கொடுத்து, வவுச்சர் வாங்கி, தீர்ந்ததும் நிரப்புங்கள். காணிக்கை மேஜையில் சில்லறை மாற்றித் தருவதும் வேண்டாம்.

பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் ஒரு அண்ணனை எங்கள் ஐக்கியம் கவனிக்கிறது. முதல் வாரம் கூட்டம் தாங்கவில்லை. இப்போது அவர் மனைவி மட்டும்தான். என்ன ஒழுங்கு செய்யலாம்?
வாசகர், தாம்பரம்

முதல் இரண்டு நாளில் ஆறு டிபன் கேரியர் வரும், ஐந்தாம் நாள் ஒன்றும் வராது. எல்லாச் சபையிலும் இதுதான். பக்கவாதம் என்பது மாதக்கணக்கு. ஆகவே அன்பு பொங்கும் முதல் வாரத்திலேயே எட்டு வாரத்துக்கு அட்டவணை போட்டுவிட வேண்டும்.

அவர் மனைவியிடம் 'என்ன வேண்டும்?' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 'செவ்வாய், வெள்ளி மதியம் 2 முதல் 5 வரை நாங்கள் இருவர் வந்து உட்காருகிறோம். நீங்கள் தூங்குங்கள், அல்லது வெளியே போய்விட்டு வாருங்கள்' என்று சொல்லுங்கள். அவருக்கு அந்த மூன்று மணி நேரம்தான் பெரிய உதவி. ஆண் நோயாளிக்கு ஆண்களே வர வேண்டும். திருப்பிப் படுக்க வைக்க, துடைக்க அவர்கள்தான் சரி.

வருபவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை: இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வரும். தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் அன்றே நர்சிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. சாய்ந்து படுத்திருக்கும்போது வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பக்கவாதக்காரருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கலாம், தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். நிமிர்த்தி உட்கார வைத்து, டாக்டர் சொன்ன பதத்தில் மட்டும் கொடுக்க வேண்டும். தலைமாட்டில் ஒரு நோட்டு தொங்கட்டும்: எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, கொடுத்தவர் யார். இது இல்லாத வீட்டில் ஒரே மாத்திரையை மாமியாரும் கொடுப்பார், வந்த சகோதரியும் கொடுப்பார்.

சாப்பாடு கொண்டுபோவதாக இருந்தால் உப்பு, சர்க்கரை பற்றி முன்பே கேளுங்கள். ஆப்பிளும் ஹார்லிக்சும் ஏற்கெனவே அலமாரி நிறைய இருக்கும். கேரியரில் உங்கள் பெயரை எழுதி ஒட்டுங்கள். யாருடைய கேரியர் என்று தேடுவது அந்தம்மாவுக்கு இன்னொரு வேலை. ஜெபிக்கப் போகிறவர்கள் நான்கு பேருக்கு மேல் வேண்டாம், பதினைந்து நிமிடம் போதும். பேச்சு வராவிட்டாலும் அவர் காது கேட்கும். அவர் எதிரே அவர் நிலைமையைப் பற்றிப் பேசாதீர்கள். திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுவர ஆயரிடம் கேளுங்கள். எத்தனையோ பேர் இதைக் கேட்க வெட்கப்பட்டே இருந்துவிடுகிறார்கள்.

இன்னும் ஒன்று. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு அலைய அவர் மனைவிக்கு நேரமிருக்காது. வாலிபர் ஐக்கியத்தில் ஒரு பையனைக் கூட அனுப்புங்கள். அந்த ஒரு நாள் அலைச்சல் உங்கள் உதவி நிதியின் ஒரு வருடக் காசைவிடப் பெரியதாகிவிடும்.

ஜெபக் குறிப்பு என்று சொல்லி மற்றவர் வீட்டு விஷயம் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. தடுப்பது எப்படி?
வாசகி, பெரம்பூர்

சம்பந்தப்பட்டவர் 'போடலாம்' என்று சொன்னால் மட்டும் போட வேண்டும். போடுவதும் அட்மின் ஒருவர் மட்டுமே. கணவன் மனைவி தகராறு, கடன், மகளின் காதல், நோயின் பெயர் எதுவும் குழுவுக்கு வரக்கூடாது. 'ஒரு குடும்பத்துக்காக ஜெபியுங்கள்' என்றால் போதும். யார் என்று கேட்பவரை அட்மின் தனியாகக் கவனிக்கட்டும்.

பதினான்கு வருடமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். களைத்துவிட்டேன். விட்டுவிடுகிறேன் என்றால் 'ஊழியத்தைக் கைவிடலாமா?' என்கிறார்கள்.
வாசகி, ராயபுரம்

விடலாம். யாத்திராகமம் 18ல் மோசேயிடம் எத்திரோ என்ன சொன்னார்? காலை முதல் மாலை வரை நீ ஒருவனாகவே உட்கார்ந்தால் நீயும் இளைத்துப்போவாய், ஜனமும் இளைத்துப்போகும் என்றார். மாமனார் சொல்லி மருமகன் கேட்ட அபூர்வமான இடம் அது.

ஆனால் நாளை முதல் வரமாட்டேன் என்று விடாதீர்கள். ஆறு மாதத் தவணை கொடுங்கள். முதல் இரண்டு மாதம் புதியவர் உங்கள் பக்கத்தில் உட்காரட்டும், அடுத்த இரண்டு மாதம் அவர் நடத்த நீங்கள் உட்காருங்கள், கடைசி இரண்டு மாதம் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போங்கள். வருகைப் பதிவு, பிள்ளைகளின் பெற்றோர் எண், யாருக்கு வலிப்பு, யாருக்கு ஆஸ்துமா என்ற விவரம், அலமாரிச் சாவி எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். இனிமேல் எந்தப் பொறுப்புக்கும் மூன்று வருடம் என்று கமிட்டி தீர்மானம் போட்டால் அடுத்தவருக்கு இந்தக் கஷ்டம் வராது.

கைமாறும்போது ஒரு விதியைக் கட்டாயமாக்குங்கள்: எந்த வகுப்பிலும் பெரியவர் இருவர், கதவு திறந்தபடி. ஆள் குறைவு என்றால் இரண்டு வகுப்பை ஒன்றாகச் சேருங்கள். பிள்ளைகள் மேல் பாலியல் தவறு நடந்ததாகத் தெரிந்தால் போலீசிடம் சொல்வது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கடமை. சொல்லாமல் மறைப்பதே குற்றம். 'சபைப் பெயர் கெடும், உள்ளேயே பேசி முடிப்போம்' என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட என் மகன் சபை உதவி நிதிக்கு 50,000 ரூபாய் அனுப்ப நினைக்கிறான். நேராகச் சபைக் கணக்கில் போடலாமா?
வாசகர், வேளச்சேரி

கூடாது. இந்தியக் குடிமகனாகவே இருந்து வெளிநாட்டில் வேலை செய்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால் ஆகும், வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் ஆகும், இங்கே வந்து ரூபாயாகக் கொடுத்தாலும் ஆகும். அதை வாங்க, 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளையில் அதற்கான கணக்கும் வேண்டும். உங்கள் திருமண்டலமோ மறைமாவட்டமோ பதிவு பெற்றிருக்கிறதா என்று அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால் அந்த வழியாகக் கொடுக்கலாம். உங்கள் கணக்குக்கு அனுப்பி அங்கிருந்து சபைக்கு மாற்றும் சுற்றுவழியைச் சிலர் சொல்வார்கள். வேண்டாம், மாட்டுவது சபை.

ஆராதனை முடிந்ததும் சீட்டுப் பணம் வசூலிக்கிறார்கள். சேரலாமா?
வாசகி, கொருக்குப்பேட்டை

1982ஆம் ஆண்டு சிட்ஃபண்டு சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று கேளுங்கள். 'நம்ம சபைதானே' என்று பதில் வந்தால் சேராதீர்கள். சீட்டு முறிந்தால் பணம் போவதோடு முடியாது. இரண்டு குடும்பமும் ஒரே பந்தியில் திருவிருந்து எடுக்க முடியாமல் ஒன்று வேறு சபைக்குப் போய்விடும். ஆலய வளாகத்தில் சீட்டு, இன்சூரன்ஸ், ஆள் சேர்க்கும் சங்கிலித் தொடர் வியாபாரம் எதுவும் கூடாது என்று கமிட்டி பலகையில் எழுதிவிடலாம்.

சபையில் ஒருவர் வீட்டிலேயே இறந்துவிட்டால் முதல் சில மணி நேரத்தில் சபையார் என்ன செய்ய வேண்டும்? போன தடவை எல்லோரும் இருந்தோம், ஆனால் ஒன்றும் நடக்கவில்லை.
வாசகர், கொளத்தூர்

எல்லோரும் இருந்ததால்தான் நடக்கவில்லை. ஒருவர் மட்டும் பொறுப்பேற்க வேண்டும். அவர் அழும் குடும்பத்தாராக இருக்கக்கூடாது.

முதல் வேலை டாக்டர். வழக்கமாகப் பார்த்தவரை அழைத்து இறப்புக் காரணச் சான்று, அதாவது 4ஏ படிவம், வாங்குங்கள். இறந்தவரின் ஆதார் நகலைத் தயாராக வைத்திருங்கள். பெயரும் வயதும் அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஆதார் பெயர் ஒன்று என்று இருந்தால் பின்னால் வங்கியிலும் பென்ஷனிலும் மனைவிதான் அலைய வேண்டும். விபத்து, தற்கொலை, சந்தேகம் என்றால் போலீசுக்குச் சொல்லாமல் உடலை அசைக்கக்கூடாது.

இரண்டாவது ஐஸ் பெட்டி. மூன்றாவது கல்லறை. கீழ்ப்பாக்கம், காசிமேடு போன்ற பழைய தோட்டங்களில் இடம் நெருக்கடி. குடும்பக் கல்லறை இருந்தால் கல்லறை எண்ணும் பழைய ரசீதும் தேட வேண்டும், பங்காளிகளின் சம்மதமும் கேட்பார்கள். இதையெல்லாம் ஆயரிடம் அடக்க நேரம் குறிப்பதற்கு முன் முடியுங்கள். நேரத்தை அறிவித்துவிட்டுக் குழி தோண்டவில்லை என்று நிற்பதுதான் வழக்கமான குளறுபடி. நான்காவது, வருபவர்களுக்குத் தண்ணீர், நாற்காலி, ஷாமியானா; வீட்டாருக்குக் கஞ்சியோ இட்லியோ. சர்க்கரை நோயாளி யாராவது அந்த வீட்டில் இருந்தால் அவரைத் தனியாக அழைத்துச் சாப்பிட வைக்க ஒருவர்.

சபைச் சந்தா பாக்கி பற்றி அந்த வீட்டு வாசலில் யாரும் பேசக்கூடாது. பாக்கி இருந்தால் உதவி நிதியிலிருந்து கட்டி ரசீது போட்டுவிடுங்கள். குடும்பத்துக்குத் தெரியவே வேண்டாம்.

அடக்கம் முடிந்த பின், இறந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் மாநகராட்சியில் இறப்பைப் பதிய வேண்டும், அதற்குள் என்றால் கட்டணம் இல்லை. சான்றிதழ் வந்ததும் பத்து நகல் எடுத்துக் கொடுங்கள். விதவை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதி இருந்தால் இ-சேவை மையத்துக்குக் கூடப் போக இப்போதே ஒருவரைக் குறித்துவிடுங்கள். அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் நாற்பதாம் நாளுக்குப் பிறகு அந்த வீட்டுக் கதவைத் தட்டுபவர் மிகக் குறைவு.